குழந்தைகள் வார்டு: கை விட்டுக் கை போகும் வயிற்றுப்போக்கு

பிப்ரவரி 3, திங்கள்

நிமோனியாவுக்காகச் சேர்ந்து நன்றாகத் தேறிவந்த பதினோரு மாதக் குழந்தைக்குக் காலையில் திடீரென்று வாந்தி. மதியத்துக்குள் தண்ணீராகப் போக ஆரம்பித்துவிட்டது. காய்ச்சலும் கூடவே. வந்தபோது வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கினால் பொதுவாக மருத்துவமனையில் தொற்றியது என்றே கணக்கு வைப்போம். குழந்தைகளுக்கு இப்படி வயிற்றுப்போக்கு தரும் வைரஸ்களில் ரோட்டா உள்ளே போய் அறிகுறி காட்ட ஏறக்குறைய 2 நாள் ஆகும், நோரோவுக்கு 12 முதல் 48 மணி நேரம். எப்படிப் பார்த்தாலும் குழந்தை இதை இங்கேதான் வாங்கியிருக்கிறது.

"நான் கொடுத்த சாப்பாடு ஒத்துக்கலையா சிஸ்டர்?" என்று அம்மா அழுதார். "உங்க மேல எந்தத் தப்பும் இல்லைம்மா" என்றேன். இங்கேதான் தொற்றியது என்பதை அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

பிப்ரவரி 4, செவ்வாய்

பரிசோதனையில் ரோட்டா உறுதியானது. பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் ஆரம்பித்துவிட்டது. இருவரையும் ஒரே தனி அறைக்கு மாற்றினோம்.

1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவும், வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தைகளின் குடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏன் வயிற்றுப்போக்கு வருகிறது என்றே தெரியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வார்டுக்குள் இது பரவுவதை நம்மால் முழுசாக நிறுத்த முடியவில்லை. காரணம் எண்ணிக்கை: நோயுள்ள குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கான வைரஸ் துகள்கள் இருக்கும், இன்னொரு குழந்தைக்குத் தொற்ற நூறுக்கும் குறைவானவையே போதும்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று ட்யூட்டி முடிந்த பிறகும் வார்டில் நின்று, யார் எதைத் தொடுகிறார்கள் என்று கவனித்தேன். டயப்பரை எடை போடும் தராசு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றேதான். எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று தெரிய டயப்பரை எடை போட்டே ஆக வேண்டும். அழுக்கு டயப்பர் தராசில் ஏறுகிறது, அதே கை பேனாவை எடுக்கிறது, பேனா சார்ட்டுக்குப் போகிறது, சார்ட் அடுத்த கட்டிலுக்குப் போகிறது. கட்டில் கம்பி, தெர்மாமீட்டர், அம்மாக்களின் செல்போன், விளையாட்டு மூலையில் இருக்கும் பொம்மைகள். ஒரு பொம்மை வாய்க்குப் போய் வந்து இன்னொரு வாய்க்குப் போவதைக் கண்ணால் பார்த்தேன். வைரஸ் கம்பியிலும் மேசையிலும் நாள்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்.

கையுறை போட்டிருக்கிறோம் என்ற நிம்மதிதான் எனக்குப் பெரிய பயம். கழற்றாத கையுறையும் கழுவாத கையும் ஒன்றுதான். சானிடைசரும் அப்படித்தான். கொழுப்பு உறை இல்லாத வைரஸ்கள் இவை, நோரோவிடம் ஆல்கஹால் அவ்வளவாக எடுபடாது. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில், விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவ வேண்டும்.

நாளையிலிருந்து தனி அறைக்குத் தனித் தராசு, தனித் தெர்மாமீட்டர். கழுவ முடியாத துணிப் பொம்மைகளை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இரண்டு குழந்தைகளும் பரவாயில்லை. ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம், தாய்ப்பால். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. ஆன்டிபயாடிக் கேட்ட ஒரு அப்பாவுக்கு அது வைரஸை ஒன்றும் செய்யாது என்று விளக்கினேன், புரிந்துகொண்டார்.

பிப்ரவரி 12, புதன்

துப்புரவுப் பணி செய்யும் அக்கா வயிற்றுப்போக்கோடு வேலைக்கு வந்திருந்தார். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களே என்ற பயம். போக்கு நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் வரலாம் என்பது தொற்றுத் தடுப்பு விதி. விதியை எழுதி ஒட்டினால் போதுமா? அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் உண்டு என்று நிர்வாகம் எழுதித் தர வேண்டும். இன்று மேலிடத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

முதல் குழந்தை வீட்டுக்குப் போகிறது. போக்கு நின்றாலும் மலத்தில் வைரஸ் இன்னும் சில நாள் வெளியேறும், டயப்பர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கை கழுவுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தக் கட்டிலின் திரை, மெத்தை உறை எல்லாம் மாற்றி, கம்பியைப் பிளீச்சிங் கரைசலால் துடைத்த பிறகே அடுத்த அட்மிஷன். வெளியே ஒரு குழந்தை காத்திருக்கிறது, ஆனாலும் அவசரப்படப் போவதில்லை.