ஆர்க்கிடெக்ட் போர்ட்ஃபோலியோ: ஜூரி ஷீட்டை அப்படியே சுருக்காதீர்கள்

பி.ஆர்க் முடித்து வேலை தேடுகிறவர்களின் போர்ட்ஃபோலியோவைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். கல்லூரியில் ஜூரிக்காக, அதாவது மதிப்பீட்டுக் குழுவுக்காகப் போட்ட ஏ1 ஷீட்டைப் படமாக்கி, அதையே சின்னப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள்.

ஏ1 ஷீட் ஏ4 ஆனால் 1:100 ப்ளான் (நிஜ அளவில் நூறில் ஒரு பங்கு) ஏறத்தாழ 1:283 ஆகிறது. எந்த ஸ்கேல் ரூலரிலும் அப்படி ஓர் அளவு கிடையாது. 2.5 மி.மீ. எழுத்து 0.9 மி.மீ.க்கும் கீழே இறங்கிவிடும். 0.13 மி.மீ. கோடு பிரிண்டில் பாதி இடங்களில் விழாது. இத்தனைக்கும் மூலையில் 'ஸ்கேல் 1:100' என்று பழைய எழுத்து அப்படியே இருக்கும். பார்க்கிற ஆர்க்கிடெக்ட்டின் கண் நேரே அங்கேதான் போகும்.

அதனால் கேட் (CAD) மென்பொருளில் வரைந்த மூல ஃபைலைத் திறந்து, ஏ3 லேண்ட்ஸ்கேப்பில் புது லேஅவுட் போடுங்கள். திரைக்கும் பொருந்தும், ஆபீஸ் பிரிண்டரிலும் எடுக்கலாம். வீடு என்றால் 1:100, பெரிய கட்டடம் என்றால் 1:200, சைட் ப்ளானுக்கு 1:500. அளவுக் கோடுகள், கிரிட், டைலைக் காட்டும் ஹேட்ச் கோடுகள் ஆகியவற்றின் லேயர்களை அணைத்துவிடுங்கள். வெட்டுப்படும் சுவருக்கு 0.5 மி.மீ. கோடு, ஃபர்னிச்சருக்கும் படிக்கும் 0.18 மி.மீ. போதும். எழுத்து 2 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். திரையில் பெரிதாக்கினால் எண் ஸ்கேல் செல்லாது. அதனால் படத்தோடு சேர்ந்தே பெரிதாகும் ஸ்கேல் பார் கட்டாயம்; வடக்குக் குறியும் கட்டாயம். ப்ளானை ஜேபெக்காக அல்லாமல் கோடுகள் கோடாகவே பதிவாகும் வெக்டார் பிடிஎஃப்பாக எடுத்தால்தான் கோடு உடையாது. ஆனால் இலை இலையாக வரைந்த மர ப்ளாக்குகளை முதலில் எளிய வட்டமாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கம் திறக்கவே திணறும்.

ரெண்டர் படத்துக்கு (கட்டடம் நிஜம்போலத் தெரியும் கணினிப் படம்) திரையில் 150 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி, போதும். முழு ஏ3 பக்கத்துக்கு 2480 × 1754 பிக்சல். பிரிண்டுக்கு 300 டிபிஐயில் தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி என்றாலும் 10 எம்பிக்குள் அடக்குவதே நல்லது. டிரைவ் லிங்க் என்றால், லாக்-அவுட் செய்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கிற லிங்க்கைத் திரும்பத் தொட யாருக்கும் நேரம் இருக்காது.

நான்கைந்து ப்ராஜெக்ட், இருபது பக்கம். தீசிஸ்தான் முதலில் வரவேண்டும் என்று விதியில்லை. நன்றாக வந்ததை முன்னால் வையுங்கள். வொர்க்கிங் டிராயிங், அதாவது கட்டுமானத்துக்கான வரைபடம், ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும். சின்ன ஆபீஸ்கள் ஆள் எடுப்பதே அதற்காகத்தான். ரைசர் (படியின் உயரம்) 150 மி.மீ., ட்ரெட் (கால் வைக்கும் அகலம்) 300 மி.மீ., வெய்ஸ்ட் ஸ்லாப் (படிகளைத் தாங்கும் சாய்ந்த தளம்) 150 மி.மீ. என்று அளவு போட்ட மாடிப்படி செக்ஷன் ஒன்று, பத்து ரெண்டர் சொல்லாததைச் சொல்லும். டாய்லெட் டீடெயிலில் சங்கன் ஸ்லாப் (குழாய்களுக்காகத் தாழ்த்திய தளம்) ஆழம், தரைச் சரிவு, டைல் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

இன்டர்ன்ஷிப்பில் வரைந்தவற்றை அந்த ஆபீஸின் அனுமதி பெற்றே சேருங்கள். ஆபீஸ் பெயரும் நீங்கள் செய்த பகுதியும் அதே பக்கத்தில் இருக்கட்டும். குழு வேலைக்கும் இதுவே: 'மாடலும் செக்ஷனும் நான்' என்று ஒரு வரி எழுதினால் நேர்காணலில் கேள்வி சரியாக அங்கேயே வரும்.