கலங்கியில் இறங்கி நாராயண்ஹிட்டிக்குப் போன கதை

காத்மாண்டு போவது எப்படி, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். முதலில் அந்த பஸ்ஸைத் திட்டிவிட்டு வருகிறேன்.

சோனௌலியில் இந்திய-நேபாள எல்லையைத் தாண்டி ஏறிய இரவு பஸ். டிக்கெட்டில் 'ஏ.சி. டீலக்ஸ்'. உள்ளே டிரைவர் தலைக்கு மேல் ஒரு குட்டி மின்விசிறி, அதுவும் அவர் பக்கம் மட்டும் திரும்பியிருந்தது. புட்வல் தாண்டியதும் அகலப்படுத்துகிறேன் என்று தோண்டிப் போட்ட ரோடு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடைசி சீட்டுக்காரர்கள் நாங்கள் கூரையைத் தொட்டுவிட்டு வந்தோம். கடைசி சீட் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சம் பிடித்த காசு அப்படியே தைலத்துக்குப் போயிற்று.

விடிகாலையில் காத்மாண்டுவில் இறக்கிவிட்ட இடத்தின் பெயர் கலங்கி. சத்தியமாக அதுதான் பெயர். நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். லாட்ஜுகள் நிறைந்த தமேல் பகுதிக்கு எவ்வளவு என்று ஒரு டாக்ஸிக்காரரிடம் கேட்டேன். "ஆறுநூறு, தாய்" என்றார். (நேபாளியில் அண்ணனை 'தாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டாம் நாள் பழகிவிடும்.) ஊருக்குள் நேராகப் போகாமல் ரிங் ரோட்டைப் பிடித்துச் சுற்றினார். கோங்கபுவில் நெரிசல், புகை, அரை மணி நேரம். இறங்கி ஆறுநூறு நேபாள ரூபாயை நீட்டினால், "ஐசி, ஐசி" என்கிறார். அதாவது இந்தியக் காசு. இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60. கணக்குப் போட்டால் 960! கத்தி, கெஞ்சி, என்சியிலேயே (நேபாளக் காசு) எழுநூறுக்கு முடித்தேன். நேபாளத்தில் விலை கேட்டால் அடுத்த கேள்வி ஐசியா, என்சியா என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

லாட்ஜை நடத்தும் திதியிடம் (அக்கா) இதைப் புலம்பினேன். சிரித்தார். "அந்த ரிங் ரோட்டில் நின்றுதான் ராஜாவை அனுப்பினோம்" என்றார். அதற்கப்புறம் டாக்ஸி மறந்துபோயிற்று.

2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா அரசைக் கலைத்துவிட்டு ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டார். அவர் செய்த பெரிய தவறு, ஒன்றையொன்று நம்பாதவர்களைச் சேர்த்துவைத்தது. பாராளுமன்றக் கட்சிகள் ஒரு பக்கம், 1996 முதல் காட்டில் ஆயுதத்தோடு இருந்த மாவோயிஸ்டுகள் மறுபக்கம். அந்த நவம்பரிலேயே ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் மன்னராட்சிக்கு எதிராக 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். 2006 ஏப்ரல் 6-ல் நான்கு நாள் வேலைநிறுத்தம் என்று ஆரம்பித்தது 19 நாள் ஓடியது. நகருக்குள் ஊரடங்கு. அதனால் ஜனங்கள் ரிங் ரோட்டில் திரண்டார்கள். நான் கலங்கி நின்ற அதே கலங்கியில் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. ஊரடங்கு தளரும் கொஞ்ச நேரத்தில் காய்கறிக்கு ஓடியதைத்தான் திதி அதிகம் சொன்னார். உருளைக்கிழங்கு தீர்ந்துபோய், வெறும் பருப்பும் சோறுமாக ஒரு வாரம்.

ஏப்ரல் 21-ல் மன்னர் டிவியில் வந்து, பிரதமரை நீங்களே சொல்லுங்கள் என்றார். கூட்டம் இன்னும் பெரிதானது. 24-ம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது, 2002-ல் கலைத்த பாராளுமன்றத்தைத் திருப்பிக் கொடுத்தார். அரண்மனைக் கதவை யாரும் உடைக்கவில்லை. எனக்குப் பிடித்ததே இதற்கப்புறம் நடந்ததுதான்: மே 18 அன்று அந்தப் பாராளுமன்றம் கூடி, 'மாட்சிமை தங்கிய மன்னரின் அரசு' இனி 'நேபாள அரசு' என்றது, ராணுவத்தின் பெயரிலிருந்து 'ராயலை' எடுத்தது, மன்னரும் வரி கட்ட வேண்டும் என்றது. 2008-ல் தேர்தல் வைத்து 601 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபை. மே 28 இரவு, 560-க்கு 4 என்ற வாக்கில் 240 வருஷ ஷா வம்சம் முடிந்தது. காலி செய்ய 15 நாள் நோட்டீஸ், வாடகைக்காரருக்குக் கொடுப்பதுபோல.

அந்த வீட்டைத்தான் பார்க்கப் போனேன். நாராயண்ஹிட்டி, அன்று அரண்மனை, இன்று அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமை போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பினேன், நீங்கள் விடுமுறை நாளை விசாரித்துவிட்டுப் போங்கள். சார்க் நாட்டவர் என்பதால் நமக்குக் கட்டணம் குறைவு. போனை லாக்கரில் வாங்கிவைத்துவிடுகிறார்கள், ஆகவே படம் கிடையாது. படிக்கட்டருகே பஞ்சடைத்த இரண்டு புலிகள். அறைகளுக்கு மாவட்டங்களின் பெயர். சிம்மாசன மண்டபத்தை விட்டால் மற்றதெல்லாம் பழைய அரசு விருந்தினர் மாளிகை மாதிரிதான், கட்டியது 1960களில்தானே. 2001 ஜூன் 1 அன்று ஞானேந்திராவின் அண்ணன் மன்னர் பிரேந்திராவும் குடும்பமும் சுடப்பட்ட திரிபுவன் சதன் இடிக்கப்பட்டு, அஸ்திவாரம் மட்டும் இருக்கிறது. அங்கே யாரும் பேசவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட.

வெளியே வந்து ஒரு தகாலி சாப்பாடு (தகாலி என்பது நேபாள மலைச் சமூகம் ஒன்று). பித்தளைத் தட்டில் சோறு, கறுப்பு உளுந்துப் பருப்பு, கீரை, முள்ளங்கி ஊறுகாய், சோற்றின் மேல் நெய். கேட்கக் கேட்கப் போடுகிறார்கள். மூன்று முறை கேட்டேன். பஸ்ஸையும் டாக்ஸியையும் அந்தப் பருப்புக்காக மன்னித்தேன்.

அப்புறம் நாடு நன்றாகிவிட்டதா? முதல் சபை அரசியல் சட்டம் எழுதாமலே 2012-ல் கலைந்தது. இரண்டாவது சபை 2015-ல்தான் முடித்தது. ஏழு மாகாணம், 275 பேர் கொண்ட கீழவை, பாராளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நல்ல சட்டம்தான், ஆனால் பிரதமர் நாற்காலியில் அதே நாலைந்து பேர் மாறி மாறி உட்கார்ந்தார்கள். 2025 மார்ச்சில் "ராஜா வரட்டும்" என்று ஒரு கூட்டம், செப்டம்பரில் இளைஞர்கள் கொதித்தெழுந்ததில் அரசின் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எரிந்தது. ராஜா திரும்பினால் சரியாகிவிடும் என்பவர்களிடம் எனக்குப் பொறுமையில்லை. திதிக்கும் இல்லை. "வரட்டும், வரி கட்டட்டும்" என்றார்.

கிளம்பும் அன்று கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பழைய 500 ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினார். 2007-ல் மன்னர் படத்தை எடுத்துவிட்டு எவரெஸ்ட் படம் போட்ட நோட்டு. தாள் முன்பே தயாராகிவிட்டதால் நீரெழுத்தில் (வாட்டர்மார்க்) மன்னர் முகம் இருந்ததாம், அதன்மேல் லாலிகுராஸ் பூவை அச்சடித்து மூடிவிட்டார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சிவப்புப் பூவுக்குப் பின்னால் மங்கலாகக் கிரீடம் தெரிந்தது. "விற்பீர்களா?" என்றேன். "ஐசியா, என்சியா?" என்றார்.