சிஸ்டம் கால் பாடத்தைப் பைத்தானில் கூப்பிட்டுப் பார்த்துப் படியுங்கள்

ஆபரேட்டிங் சிஸ்டம் தாளில் சிஸ்டம் கால் (புரோகிராம் ஒரு வேலையைச் செய்துதரும்படி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலைக் கேட்பது) பகுதி என்றாலே யூசர் மோடு, கர்னல் மோடு என்று நடுவில் ஒரு கோடு போட்ட படத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறோம். செமஸ்டருக்கு அது போதும்தான். வைவாவிலோ கேட் தேர்விலோ கொஞ்சம் திருப்பிக் கேட்டால் அந்தப் படம் கைகொடுக்காது. நான் படித்தது லினக்ஸ், பைத்தான், அதோடு வரும் சிடைப்ஸ் (சி பங்ஷன்களைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவும் மாட்யூல்), பக்கத்து டெர்மினலில் எஸ்ட்ரேஸ் (புரோகிராம் செய்யும் சிஸ்டம் கால்களை வரிவரியாகக் காட்டும் கருவி), இவ்வளவையும் வைத்துத்தான். சி கம்பைலர்கூட வேண்டாம்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். சிடைப்ஸ் வழியாக நாம் கூப்பிடுவது லிப்சியை, அதாவது சி மொழியின் அடிப்படை லைப்ரரியை. கர்னலுக்குப் போவதா வேண்டாமா என்பது அந்த பங்ஷனைப் பொறுத்தது. புராசஸின் எண்ணைத் தரும் கெட்பிஐடி என்றால் 64 பிட் இன்டெல் கணினியில் ரேக்ஸ் ரெஜிஸ்டரில் அதன் சிஸ்டம் கால் எண்ணான 39 ஏறி, சிஸ்கால் என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் ஓடும், எஸ்ட்ரேஸிலும் வரி விழும். ஸ்ட்ரிங் நீளம் பார்க்கும் ஸ்ட்ரலென்னைக் கூப்பிட்டுப் பாருங்கள், ஒன்றும் விழாது. லைப்ரரி பங்ஷனுக்கும் சிஸ்டம் காலுக்கும் என்ன வேறுபாடு என்ற இரண்டு மார்க் கேள்வி இத்தோடு முடிந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இதுதான்: சிடைப்ஸில் ஓப்பனைக் கூப்பிட்டு, பைல் பெயரை பைட்ஸாகத் தராமல் சாதாரண பைத்தான் ஸ்ட்ரிங்காக "/etc/passwd" கோப்பின் பாதையைக் கொடுங்கள். பிழையே வராது! ஏனென்றால் சிடைப்ஸ் அதை எழுத்துக்கு நான்கு பைட்டாக அனுப்பும், லிப்சியோ முதல் எழுத்துக்குப் பின்னால் வரும் பூஜ்யத்தையே முடிவு என்று எடுத்துக்கொண்டு வெறும் "/" என்ற ரூட் டைரக்டரியைத் திறந்து அதற்கான பைல் டிஸ்கிரிப்டர் எண்ணும் தந்துவிடும். அடுத்து ரீட் செய்யும்போதுதான் 21, அதாவது இது டைரக்டரி என்ற எர்நோ (பிழை எண்) வரும். அந்த எர்நோவைப் பார்க்கவும் லைப்ரரியை ஏற்றும்போதே யூஸ்எர்நோவை ட்ரூ என்று வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ரெஸ்டைப், அதாவது பங்ஷன் திருப்பித் தரும் மதிப்பின் வகை. சொல்லாவிட்டால் திரும்பி வருவது 32 பிட் இன்டிஜர் என்றே சிடைப்ஸ் நினைக்கும். மெமரி ஒதுக்கும் மேலாக் தரும் 64 பிட் முகவரி பாதியாக வெட்டுப்படும், அதை மெமரியை விடுவிக்கும் ஃப்ரீக்குக் கொடுத்தால் புரோகிராம் விழுந்துவிட வாய்ப்பு அதிகம்.

ஃபோர்க் (ஓடும் புராசஸை நகலெடுத்து சைல்டு புராசஸை உருவாக்கும் கால்) கணக்குகளில் n முறை கூப்பிட்டால் 2ⁿ புராசஸ் என்பது எல்லாருக்கும் தெரியும். பிரிண்ட் செய்துவிட்டு ஃபோர்க் செய்யும் புரோகிராமின் அவுட்புட்டை ஒரு பைலுக்குத் திருப்பினால் அதே வரி ஏன் இரண்டு முறை வருகிறது என்று கேட்டால்தான் திணறல். எழுதுமுன் சேர்த்துவைக்கும் பஃபரில் தங்கிய எழுத்தும் சைல்டு புராசஸுக்கு நகலாகிப் போகிறது, இருவரும் முடியும்போது தனித்தனியாக எழுதுகிறார்கள். டெர்மினலில் ஓட்டினால் வரி முடிந்ததுமே எழுதிவிடுவதால் ஒரு முறைதான் தெரியும்.

விண்டோஸ் மட்டும் இருப்பவர்கள் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போட்டுக்கொள்ளுங்கள், எஸ்ட்ரேஸ் அதிலும் ஓடும்.