கைக்குத் தெரியும் சத்தம்

ஜூன் 4
ஸ்டீயரிங்கில் மறுபடியும் டொக். வண்டியை மெதுவாக வளைக்கும்போதும், சின்னப் பள்ளத்தில் இறங்கும்போதும். காதைவிடக் கைக்குத்தான் முதலில் தெரிகிறது.

ஜூன் 5
பக்கத்தில் ஆளை உட்காரவைத்து, பள்ளமாகப் பார்த்து வண்டியை விட்டேன். சத்தமே இல்லை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் வண்டிக்கு எங்கிருந்துதான் மரியாதை வருமோ.

ஜூன் 7
இன்ஜினை அணைத்து, சாவியைத் திருப்பி லாக்கை மட்டும் எடுத்துவிட்டு, தம்பியை ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்டச் சொன்னேன். கீழே படுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடில் ஆட்டம் இல்லை. ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல்பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸும் அசையவில்லை. ஸ்டீயரிங்குக்கும் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் தண்டை, ஷாஃப்டைப் பிடித்தேன், உள்ளங்கையிலேயே டொக். "போதுமாண்ணே?" என்கிறான். இன்னும் ஆட்டுடா.

கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாக்ஸ் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாக ஆடும் என்பதால்தான் இந்த ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்குகிறது. உள்ளே கிரீஸ் காய்ந்தால் வழுக்காது; பிடித்துக்கொண்டு, பிறகு சட்டென்று விடும்.

ஜூன் 8
தூக்கம் இல்லை. வேறு எதுவாக இருந்தாலும் தள்ளிப் போட்டிருப்பேன். இது ஸ்டீயரிங்.

ஜூன் 10
ஷாஃப்டைக் கழற்றியாயிற்று. சக்கரத்தை நேராக வைத்து, பேட்டரி நெகட்டிவை எடுத்து, ஸ்டீயரிங்கை சீட் பெல்ட்டால் கட்டிப் போட்டேன். ஷாஃப்ட் இல்லாத நேரத்தில் அது சுற்றினால் ஏர்பேக்குக்குப் பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா, அறுந்துவிடும். இரண்டு முனையிலும் பெயின்ட் கோடு. முனையைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் ஷாஃப்ட் வராது. போல்ட் தண்டில் உள்ள பள்ளத்தின் குறுக்கே போகிறது, முழுசாக உருவ வேண்டும்.

பழைய கிரீஸ் கறுத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. துடைத்ததும் தெரிந்தது: ஷாஃப்டின் இரண்டு பாகமும் கோத்துக்கொள்ளும் பல்லெல்லாம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. கிரீஸ் இதை எத்தனை நாள் தாங்கும்? புது கிரீஸை அடைத்து, மறுமுனையில் பிதுங்கும்வரை இழுத்துத் தள்ளி, கோட்டோடு கோடு சேர்த்து, மேனுவலில் சொன்ன டார்க்கில், அதாவது முறுக்கு அளவில், போல்ட்டை இறுக்கினேன். புது ஷாஃப்டுக்கும் சொல்லியாயிற்று.

ஜூன் 11
அமைதி. நம்பிக்கை வரவில்லை.

ஜூன் 15
ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுகிறேன். வீட்டில் கதவு சாத்தினாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஜூன் 22
வலது வளைவில், லேசாக. டொக்கா? தம்பி இல்லை என்கிறான். அவனுக்கு என்ன, ஸ்டீயரிங் என் கையில்.

ஜூன் 24
ஷாஃப்ட் வந்தது. நீளம் சரி, பல் சரி. போல்ட் மட்டும் பெட்டியில் இல்லை.