இடத்தை வலமாக்கும் புழுத்துளை

போலாரிமீட்டர் குழாயில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, ஒளி எத்தனை பாகை திரும்புகிறது என்று மாணவர்களைப் பார்க்கச் சொல்வது என் வேலை. அதனால்தானோ என்னவோ, வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் சுரங்கமான புழுத்துளையை யாராவது விண்மீன்களுக்குக் குறுக்குவழி என்று வருணித்தால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. அதன் உண்மையான விந்தை வேறு.

1935-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் சமன்பாடுகளில் எழுதிய பாலம் ஒரு புழுத்துளைதான்; அதை ஒளிகூடக் கடக்க முடியாது. ஒளி கடப்பதற்குள் அதன் நடுக் கழுத்து இறுகி மூடிவிடும் என்று 1962-இல் ஃபுல்லரும் வீலரும் காட்டினார்கள். திறந்தே வைத்திருக்க எதிர்மறை ஆற்றல் வேண்டும் என்பது 1988-இல் மோரிசும் தோர்னும் போட்ட கணக்கு. ஆனால் இரண்டு வாய்களில் ஒன்றைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டினாலும் பொதுச் சார்பியல் தடுப்பதில்லை. மோபியஸ் பட்டையில் ஒரு சுற்று வந்த படம் இடவலம் மாறி நிற்பதுபோல, அதில் நுழைந்து திரும்பியவரின் இதயம் வலப்பக்கம் இருக்கும். அவருக்கோ உலகம்தான் திரும்பிவிட்டதாகத் தோன்றும்! சிக்கல் சாப்பாட்டில் தொடங்கும். அமினோ அமிலங்கள் நம் இரு கைகளைப் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் வரும். நம் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை; அவருடைய நொதிகளோ இப்போது வலக்கை அமிலங்களுக்கே பொருந்தும். வயிறு நிறைய உண்டும் மெலிவார்.

இப்படி ஒரு வழி இருந்தால், பிரபஞ்சம் முழுமைக்கும் பொதுவான இடம், வலம் என்ற பேச்சே கிடையாது. இயற்கை அப்படி இல்லை. 1957-இல் வெளியான வூ அம்மையாரின் கோபால்ட்-60 சோதனையில், எலக்ட்ரான்கள் அணுக்கருவின் சுழற்சித் திசைக்கு எதிர்ப்புறமே அதிகம் பாய்ந்தன. அணுக்கருவின் இந்தச் சிதைவை நடத்தும் மென்விசைக்கு இடவலம் தெரியும். ஆகவே அப்படியொரு புழுத்துளைக்கு இங்கே இடமில்லை. (பிம்பத்தோடு எதிர்ப்பொருளாகவும் மாற்றினால் தப்பிக்கலாமே என்பீர்கள். 1964-இல் கேயான் என்னும் நுண்துகள்களின் சிதைவு, அப்படி மாற்றினாலும் இயற்கை ஒன்றுபோல் இருப்பதில்லை என்று காட்டி அந்தக் கதவையும் சாத்திவிட்டது.)

இதே மென்விசைதான் உயிரை இடக்கைப் பக்கம் சாய்த்தது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. இரு பிம்ப மூலக்கூறுகளுக்கிடையே அது உண்டாக்கும் ஆற்றல் வேறுபாடு, கணக்கீடுகளின்படி, அறை வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரம் கோடி கோடியில் ஒரு பங்கு. கரைசலில் தற்செயலாக எழும் ஏற்றத்தாழ்வே அதை விழுங்கிவிடும்.

அந்தத் தற்செயலே போதும் என்பது என் கட்சி. தன்னைத் தானே பெருக்கி, தன் பிம்பத்தை ஒடுக்கும் சேர்மம் ஒன்று இருந்தால் சிறு மிகையும் முழு வெற்றியாகும் என்று 1953-இல் இயற்பியலாளர் ஃபிராங்க் கணிதமாக எழுதினார். சிறு மிகையைப் பெருக்கும் வினையை 1995-இல் வேதியியலாளர் சோவாயின் குழு செய்தே காட்டியது. ஆனால் அது துத்தநாகச் சேர்மங்களை நம்பிய வினை, ஆதிப் பூமியில் நடந்திருக்கக்கூடியது அல்ல. 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் ஐசோவேலின் என்ற அமினோ அமிலத்தின் இடக்கை வடிவம் மிகுந்திருந்தது, சாய்வு உயிருக்கு முன்பே இருந்தது என்னும் எதிர்த்தரப்புக்குத் தெம்பு. பென்னு சிறுகோளின் மண்ணில் இடக்கை, வலக்கை அமினோ அமிலங்கள் ஏறக்குறைய சமம் என்று 2025-இல் வந்த முடிவு எனக்குத் தெம்பு.

வேற்றுலக உயிர் ஒன்று கிடைத்து அது வலக்கையாக இருந்தால் வாதம் ஏறத்தாழ முடிந்துவிடும். இடக்கையாக இருந்தாலோ, இரண்டே உயிர்களை வைத்துக்கொண்டு சண்டை தொடரும்.