ட்ரேட் டெஸ்ட்டில் பேலட் டிரக் வந்தால் முதலில் சங்கிலியைக் கழற்றுங்கள்

நேற்று மாலை, ட்ரேட் டெஸ்ட்டில் (தொழிற்சாலை வேலைக்கான தொழில்திறன் தேர்வு) தேறியவர்கள் பட்டியல் வந்தது. நான்காவதாக என் பெயர் இருக்கிறது. போன ஆண்டு இதே சிப்காட் தொழிற்சாலையில் தோற்று, ராணிப்பேட்டையிலிருந்து வேலூர் வரை பஸ்ஸில் வாய் திறக்காமல் வந்தவன் நான். எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் தாண்டிவிடுவார்கள். ஆளைக் கவிழ்ப்பது செய்முறைதான்.

இரண்டு முறையும் எனக்கு வந்தது 2.5 டன் பேலட் டிரக், அதாவது கைப்பிடியை மேலும் கீழும் அடித்துப் பாரத்தைத் தூக்கி நகர்த்தும் கைவண்டி. போன ஆண்டு, எத்தனை முறை கைப்பிடியை அடித்தாலும் ஃபோர்க் (பாரத்தைத் தாங்கும் இரட்டைக் கரங்கள்) எழும்பவில்லை. சீல் (எண்ணெய் கசிவைத் தடுக்கும் வளையம்) போயிருக்கும் என்று நானே முடிவுகட்டி, எண்ணெயை வடித்துப் பம்ப்பைப் பிரித்துவிட்டேன். நேரம் முடிந்தபோது ஓ-ரிங் சீல்கள் தட்டில் கிடந்தன. தேர்வாளர் குனிந்து, கைப்பிடியிலிருந்து பம்ப்பின் ரிலீஸ் நெம்புகோலுக்கு (ஃபோர்க்கை இறக்க வால்வைத் திறப்பது) வரும் சங்கிலியின் அடிமுனை நட்டைத் தொட்டுக் காட்டினார். "தம்பி, இதைப் பார்த்தீர்களா?" அது அளவுக்கு மேல் இறுகியிருந்தது. சங்கிலி ரிலீஸ் நெம்புகோலை இழுத்தபடியே இருந்ததால் வால்வு மயிரிழை திறந்தே இருந்திருக்கிறது. அடித்த எண்ணெய் முழுவதும் சிலிண்டரைத் தூக்காமல் தொட்டிக்கே திரும்பியிருக்கிறது. நட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் போதும். ஓர் ஆண்டு போனது அந்த நட்டில்தான்.

ஆகவே, ஸ்பேனரை எடுக்கும் முன் சுமையை இறக்குங்கள். நெம்புகோலிலிருந்து சங்கிலியை விடுவித்துவிட்டு அடித்துப் பாருங்கள். ஃபோர்க் எழுந்து நின்றால் வால்வு நன்றாக இருக்கிறது, கோளாறு இணைப்பில். அப்போதும் எழாவிட்டால்தான் எண்ணெய் அளவு, காற்று, வால்வின் இருக்கை (எஃகுக் குண்டு அமர்ந்து அடைக்கும் இடம்) என்று உள்ளே போக வேண்டும்.

கைப்பிடியில் உள்ள விசைக்குத் தூக்கும் நிலை, நடுநிலை, இறக்கும் நிலை என்று மூன்று உண்டு. நட்டைத் திருப்பும்போது:

- தூக்கும் நிலையில் எழவில்லை, அல்லது நடுநிலையில் தானாக இறங்குகிறது: தளர்த்துங்கள்.
- இறக்கும் நிலையில் இறங்கவில்லை, அல்லது நடுநிலையில் அடித்தாலும் எழுகிறது: இறுக்குங்கள்.
- ஒவ்வொரு கால் சுற்றுக்கும் மூன்று நிலைகளையும் சோதியுங்கள்.
- அதிகச்சுமை வால்வைத் தொடாதீர்கள். அது தயாரிப்பிடத்தில் அளவு வைத்தது.

சில வண்டிகளில் சரிசெய்யும் திருகு நெம்புகோலிலேயே இருக்கும். அதையும் பாருங்கள்.

இந்த ஆண்டுக்காக மூன்று மாதம் பேரணாம்பட்டில் ஒரு பச்சைத்தோல் கிடங்கில் பழகினேன். என் மாமா அங்கே கணக்கர். அங்கே உப்புதான் எதிரி. தோலிலிருந்து வடியும் உப்புநீர் நெம்புகோலின் அச்சில் இறங்கித் துருவாகிறது. கைப்பிடி விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் நெம்புகோல் முழுதாகத் திரும்புவதில்லை. தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, கிரீஸ் வைத்ததும் ஒரு வண்டி நிமிடத்தில் சரியானது. அதைப் பார்த்தபோது போன ஆண்டுத் தோல்வி மறுபடி உறைத்தது. புத்தகத்தை மட்டும் நம்பாமல் ஏதாவது கிடங்கில் போய் நில்லுங்கள்.

இந்த முறை கோளாறு வேறு: தூக்கிய ஃபோர்க் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சுண்ணக்கட்டியால் உயரத்தைக் குறித்துவிட்டு, சங்கிலியைக் கழற்றினேன். அப்போதும் இறங்கியது. அதனால் துணிந்து வால்வைத் திறந்தேன். எஃகுக் குண்டின் கீழே ஒரு உலோகத் துகள், நகத்தின் நுனியளவு. துடைத்துப் பொருத்தி, இறக்கும் நிலையில் கைப்பிடியைப் பலமுறை அடித்துக் காற்றை வெளியேற்றினேன். இதை மறந்தால் சரியாகப் பொருத்திய வண்டியும் எழாது. பிறகு தூக்கி நிறுத்தி, சுண்ணக்கோட்டின் பக்கத்திலேயே நின்றேன். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் காத்திருந்தார். கோடு நகரவில்லை.