கிளிமீன் மேயும் பார்

கடலுக்கடியில் இருக்கும் பவளப்பாறைத் திட்டுகளை மன்னார் வளைகுடா மீனவர்கள் 'பார்' என்றே சொல்வார்கள். பாரிலிருந்து வரும் மீன்களில் என் கண்ணை முதலில் இழுப்பது கிளிமீன்தான். பச்சை நிறத்துக்காக வந்த பெயர் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். மீன் ஆய்ந்து தரும் அக்கா ஒருநாள் அதன் உதட்டை விரலால் விலக்கிக் காட்டினார். பற்கள் தனித்தனியே நில்லாமல் மேலும் கீழும் ஒன்றோடொன்று ஒட்டி, கிளியின் அலகாகவே வளர்ந்திருந்தன. வயிற்றைக் கீறியபோது குடல் முழுக்கச் சுண்ணாம்புக் குழம்பு போன்ற வெண்மணல்.

இங்கு கிடைக்கும் கிளிமீன்களில் ஒன்றின் அறிவியல் பெயர் ஸ்காரஸ் கோபன். செங்கடலில் கண்டதை இயற்கையியலாளர் ஃபோர்ஸ்கால் விவரித்த நூல், அவர் இறந்த பிறகு 1775இல் வெளிவந்தது. 'கோபன்' என்பது அரபியில் அந்த மீனுக்கு வழங்கிய பெயர். பெண் மீன் மஞ்சள் உடலில் நீலப் பட்டைகளோடு இருக்கும். பெண்ணாக வளர்ந்தவற்றுள் சில பின்னாளில் ஆணாக மாறி நீலப்பச்சை நிறம் கொள்வதால், ஒரே கூடையில் கிடக்கும் இரண்டையும் வெவ்வேறு சாதி மீன் என்று நினைப்பவர்கள் உண்டு.

பவளத்தைத் தின்று அழிக்கும் மீன் என்று இதன்மேல் பழி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உயிருள்ள பவளத்தைச் சில இனங்கள் கடிப்பது உண்மையே. ஆனால், பெரும்பாலும் இவை சுரண்டுவது இறந்த பவளத்தின்மேல் படர்ந்த பாசியை. பாசியோடு வரும் சுண்ணாம்புக்கல்லைத் தொண்டைக்குள் இருக்கும் இரண்டாம் பல்வரிசை மாவாக அரைக்க, அது மணலாக வெளியேறுகிறது. சுரண்டிய வெற்றிடத்தில்தான் பவளத்தின் இளம் உயிரிகள் ஒட்டி வளர இடம் கிடைக்கும்.

1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளைச் சுற்றிய பார்களுக்கு இந்த மேய்ச்சல் இன்று கூடுதலாகவே தேவைப்படுகிறது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்த காலத்தின் காயம் முழுதாக ஆறவில்லை. அதற்குள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. வெளுத்து இறந்த கிளைகளில் பாசி வெகுவிரைவில் படரும். அதை மேய்வதற்குக் கிளிமீன் பகலெல்லாம் அலகால் பாறையைக் கொறித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் நீருக்கடியில் முக்குளிப்பவர் காதுக்கே கேட்கும்.